எழுந்தால் வரும் தலைவலி

சிசேரியன் முடிந்து வார்டுக்கு வரும் பெண்ணின் தலைக்கடியில் தலையணை இருக்காது. “நாளைக்குக் காலையில வரைக்கும் தலையைத் தூக்கக் கூடாது, முதுகுல ஊசி போட்டிருக்கு” என்று ஸ்ட்ரெச்சர் தள்ளிவரும் ஆயாம்மா தொடங்கி டியூட்டி நர்ஸ் வரை எல்லாரும் சொல்வார்கள். துணைக்கு வந்த அம்மா அதை அப்படியே பிடித்துக்கொள்வார். பிள்ளையின் முகத்தைப் பார்க்க மகள் கழுத்தைத் திருப்பினால்கூட ஓர் அதட்டல் விழும். தஞ்சை மாவட்டத்துப் பூதலூரிலிருந்து தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனைக்கோ திருச்சிக்கோ பிரசவத்துக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு இந்தக் கட்டளை பழக்கமானதுதான். காரணம் கேட்டால், தூக்கினால் தலைவலி வந்துவிடும் என்பார்கள்.

தலைவலி வருவது நிஜம். முதுகு ஊசியால் வருவதும் நிஜம். மட்டமாகப் படுத்துக் கிடந்தால் அது வராது என்ற பகுதிதான் சோதனையில் நிற்கவில்லை. முதுகில் ஊசி குத்தப்பட்டவர்களில் ஒரு சாராரைப் படுக்கவைத்தும் இன்னொரு சாராரை உடனே எழுந்து நடமாட விட்டும் செய்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, காக்ரேன் அமைப்பு 2016-இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. படுக்கை ஓய்வு தலைவலியைத் தடுக்கவில்லை. படுத்துக் கிடந்தவர்களிடம் அது சற்றுக் கூடுதலாகக்கூட இருந்தது. படுத்திருக்கும்போது இந்த வலி தெரிவதில்லை, அவ்வளவுதான். தெரியாமல் இருப்பதை வராமல் இருப்பதாக எடுத்துக்கொண்டதால், சரிசெய்யக்கூடிய ஒரு வலியைப் பல பெண்கள் வாரக்கணக்கில் படுத்தே கழித்துவிடுகிறார்கள்.

தண்டுவடத்தைச் சுற்றி மூன்று உறைகள் இருக்கின்றன. வெளியில் இருப்பது டியூரா எனப்படும் தடித்த உறை. உறைகளுக்கு உள்ளே மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து நிற்கிறது மூளைத் தண்டுவட நீர். நிறமற்ற, தெளிந்த நீர். வளர்ந்த ஒருவரின் உடம்பில் எந்த நேரத்தில் அளந்தாலும் ஏறத்தாழ 150 மில்லிதான் இருக்கும். ஆனால் நாளொன்றுக்கு 500 மில்லி அளவுக்குப் புதிதாகச் சுரந்து, பழையது ரத்தத்தில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

சிசேரியனுக்கு வழக்கமாகப் போடும் ஸ்பைனல் ஊசி டியூராவைத் துளைத்து, அந்த நீருக்குள்ளேயே மருந்தைச் சேர்க்கிறது. இடுப்புக்குக் கீழே சில நிமிடங்களில் மரத்துப்போகும். வலியில்லாப் பிரசவத்துக்குப் போடும் எபிடூரல் வேறு வகை. டியூராவைத் தொடாமல், அதற்கு வெளியே இருக்கும் ஒடுங்கிய இடைவெளியில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, பிரசவம் முடியும்வரை மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். குழாய் நுழைய வேண்டுமே என்பதற்காக இந்த ஊசி தடிமனாக இருக்கும். 18 கேஜ் என்றால் ஒன்றேகால் மில்லிமீட்டர், 16 கேஜ் என்றால் ஒன்றரைக்கும் மேல். தசைநார்களைக் கடக்கும்வரை சிரிஞ்சை அழுத்தும் கட்டைவிரலில் ஒரு தடை தெரியும். இடைவெளியை எட்டியதும் அந்தத் தடை சட்டென்று விலகும். அந்தக் கணத்தில் டாக்டர் கையை நிறுத்தியாக வேண்டும். அங்கிருந்து டியூராவுக்குச் சில மில்லிமீட்டர்தான். பிரசவ வலியில் நெளிகிற பெண்ணின் முதுகில் இதைச் செய்வது எவ்வளவு நுணுக்கம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நூறு எபிடூரலில் ஒன்றில் ஊசி அந்தச் சில மில்லிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஊசியின் பின்முனையில் தெளிந்த நீர் சொட்டுவதைப் பார்த்ததும் டாக்டருக்குப் புரிந்துவிடும். அப்படித் துளை விழுந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைவலி வருகிறது. ஸ்பைனலில் எல்லாருக்குமே துளை போடப்படுகிறது என்றாலும், ஊசி அரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு என்பதால் தலைவலி சிலரோடு நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் எபிடூரல் போட்டுக்கொண்டு பிள்ளை பெறுபவர்கள் குறைவு. சிசேரியன்தான் ஏராளம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றில் 44.9 பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. அகில இந்திய அளவு 21.5. இவ்வளவு சிசேரியன் தேவையா என்பது தனி வழக்கு. அதை இங்கே இழுக்கவில்லை. ஆனால் இதன் பொருள், பாதிக்குச் சற்றுக் குறைவான தாய்மார்கள் முதுகில் ஊசி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள் என்பது. நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு வந்தாலும், ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆண்டுக்குச் சிலர் இந்தத் தலைவலியோடு கிடப்பார்கள்.

ஊசி தண்டுவடத்தைக் குத்திவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே போடப்படுகிறது. ஊசியால்தான் ஆயுளுக்கும் முதுகுவலி என்பதும் அப்படித்தான். எபிடூரல் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நாட்பட்ட முதுகுவலிக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை. கர்ப்பத்தின் சுமையும், பிள்ளையைத் தூக்கிக் குனிந்து நிமிர்வதும் போதுமான காரணங்கள்.

இந்தத் தலைவலிக்கு முதல் விவரணையை எழுதியவர் அதை அனுபவித்த டாக்டரே. ஜெர்மனியின் கீல் நகரில், 1898 ஆகஸ்டில், அறுவை மருத்துவர் அவுகுஸ்ட் பியர் முதுகுவழி மயக்க மருந்தை முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். மருந்து கோகெய்ன். அடுத்து வந்த நோயாளிகளில் சிலருக்குத் தலைவலியும் வாந்தியும் வர, அது மருந்தாலா ஊசியாலா என்று தெரியாமல் தன் மீதே சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். உதவியாளர் ஹில்டெபிராண்ட் அவர் முதுகில் ஊசியைக் குத்தினார். சிரிஞ்சின் முனை ஊசியில் பொருந்தவில்லை. மருந்தும் போச்சு, மூளைத் தண்டுவட நீரும் கணிசமாக வெளியே கொட்டிவிட்டது. பிறகு இடம் மாறி ஹில்டெபிராண்டுக்கு பியர் மருந்து செலுத்தினார். மரத்துப்போனதா என்று பார்க்க கீழ்க்கால் எலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார், எரியும் சுருட்டை வைத்தார். எதுவும் உறைக்கவில்லை. இரவு இருவரும் ஒயின் குடித்துச் சுருட்டுப் பிடித்துக் கொண்டாடினார்கள்.

பிறகு பியருக்குத் தலைவலி தொடங்கியது. எழுந்து நின்றால் பிளக்கும், படுத்தால் போய்விடும். ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். மருந்து உள்ளே போகாத தனக்கே இப்படி வந்ததால், நீர் இழந்ததுதான் காரணம் என்று அவர் எழுதினார். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கணிப்பு அடிப்படையில் நிற்கிறது. அடிபட்ட ஹில்டெபிராண்டின் கால்கள் மறுநாள் என்ன சொல்லியிருக்கும் என்பது வேறு கதை.

மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். நீரில் மிதப்பதால் கபாலத்துக்குள் அது அழுத்தும் எடை 50 கிராம் அளவுதான். டியூராவில் விழுந்த துளை வழியே நீர் கசியும்போது, சுரப்பதைவிட வடிவது வேகமாகிவிட்டால் இந்த மிதவை குறைகிறது. படுத்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. எழுந்து உட்கார்ந்ததும் மூளை கொஞ்சம் கீழே இறங்கி, தன்னைத் தாங்கியிருக்கும் உறைகளையும் ரத்தக் குழாய்களையும் இழுக்கிறது. மூளைக்கு வலி தெரியாது, அவற்றுக்குத் தெரியும். இன்னொன்றும் நடக்கிறது. கபாலம் விரியாத எலும்புப் பெட்டி என்பதால், உள்ளே நீர் குறைந்த இடத்தை நிரப்ப ரத்த நாளங்கள் விரிகின்றன. அதுவும் விண்விண்ணென்று தெறிக்கும். நெற்றியிலும் பிடரியிலும் வலி, கழுத்து விறைப்பு, குமட்டல், வெளிச்சத்தைப் பார்க்கப் பிடிக்காமை, காது அடைத்தாற்போல் மங்கிக் கேட்பது, அபூர்வமாகப் பார்வை இரண்டாகத் தெரிவது எல்லாமே இந்த இழுபறியின் விளைவுகள்.

வயதில் இளையவர்களுக்கு, பெண்களுக்கு, ஒல்லியானவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. பிள்ளை பெற்றவள் பெரும்பாலும் இவற்றில் முதல் இரண்டுமாக இருக்கிறாள்.

ஊசியின் தடிமனைப் போலவே அதன் முனையும் முக்கியம். பழைய வகை ஊசிகளின் முனை சீவப்பட்டுக் கூராக இருக்கும். இதே கீல் நகரில் 1891-இல் முதுகு நீரெடுக்கும் முறையைக் கொண்டுவந்த குவிங்கே என்பவரின் பெயரில் அந்த வகை இன்றும் வழங்குகிறது. 1951-இல் ஹார்ட், விட்டேக்கர் என்ற இருவர் பென்சில் முனை போல மொட்டையான கூர்மையுடன், பக்கவாட்டில் துளை வைத்த ஊசியை வடிவமைத்தார்கள். இது டியூராவின் இழைகளை அறுக்காமல் விலக்கிக்கொண்டு போகிறது, எடுத்ததும் இழைகள் கூடிவிடுகின்றன. 2018-இல் லான்செட் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 31,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை வைத்து இரண்டையும் ஒப்பிட்டது. கூர்முனை ஊசியில் தலைவலி 11 சதவீதம். பென்சில் முனையில் 4.2. அறுபது ஆண்டுக்கும் மேலாகக் கையில் இருக்கும் தீர்வு இது. பென்சில் முனை ஊசிக்கு விலை கூடுதல். ஒரு சிசேரியனுக்கு ஆகும் மொத்தச் செலவோடு வைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் சொற்பம் என்பது என் அபிப்பிராயம். ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் வந்து பேசும்போது, “பென்சில் முனை ஊசியா சார்?” என்று புருஷனோ அம்மாவோ கேட்பதில் தப்பில்லை.

வலி பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கும். ஊசி போட்டதிலிருந்து ஐந்து நாளுக்குள் வருவதே இந்த வகை. சுகப் பிரசவமாகி எபிடூரல் போட்டவள் அதற்குள் வீட்டுக்கு வந்திருப்பாள். சிசேரியன் ஆனவள் முதல் ஒன்றிரண்டு நாள் படுக்கையிலேயே இருப்பதால், எழுந்து நடக்கத் தொடங்கும்போதுதான் தெரியவரும். அம்மா வீட்டில் இதற்குக் காரணங்கள் வரிசையாக வரும். பச்ச உடம்புல காத்து பட்டுட்டு. தலைக்கு ஊத்துனது சேரல. நீர் கோத்துக்கிட்டு. காதில் பஞ்சு வைத்து, தலைக்குத் துணி கட்டி, நெற்றியில் சுக்குப் பற்றுப் போடுவார்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்வார்கள். ஆவி பிடிக்க உட்கார்ந்து குனிய வேண்டும், வலி இன்னும் ஏறும். அவள் போர்வையை உதறிவிட்டுப் படுத்துக்கொண்டால் ‘சொல்பேச்சு கேக்க மாட்டேங்கிறா’ என்று வசவும் சேரும்.

இவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிடுகிறார்கள்: உட்கார்ந்தால் வலிக்கிறதா, படுத்தால் போய்விடுகிறதா? உட்கார்ந்த கால் மணி நேரத்துக்குள் வலி ஏறி, படுத்த கால் மணி நேரத்துக்குள் இறங்கினால், பெரும்பாலும் அது முதுகு ஊசித் தலைவலிதான். ஸ்கேன்கூட உடனே தேவைப்படாது. பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வந்து பார்க்கும் கிராம சுகாதார செவிலியர் இந்த ஒரு கேள்வியைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் நல்லது என்று நினைக்கிறேன்.

பதில் ‘இல்லை, படுத்தாலும் வலிக்கிறது’ என்றால் விஷயம் அவசரமானது. பிரசவித்த ஆறு வாரங்களில் பெண்ணின் ரத்தம் எளிதில் உறையும் நிலையில் இருக்கும். பிள்ளைப்பேற்றில் ரத்தப்போக்கைத் தடுக்க இயற்கை செய்த ஏற்பாடு. அந்த உறைவு மூளையின் சிரைகளில் ஏற்பட்டால் தலைவலி, வலிப்பு, கை கால் விழுதல் என்று போகும். இந்தியாவில் இது ஏட்டளவு நோயாக இருந்ததில்லை. 1983-இல் கே. சீனிவாசன் என்ற மருத்துவர் ஆஞ்சியாலஜி இதழில், கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை ரத்தக் குழாய்கள் அடைபட்ட 135 பெண்களைப் பற்றி எழுதினார். காரணங்களைத் தேடியவர்கள் சுட்டிய ஒன்று நம் வீட்டுப் பத்தியம்: பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது. ‘நிறையக் குடிச்சா வயிறு பெருத்துரும்’ என்று அளந்து கொடுக்கும் வழக்கம் டெல்டாவிலும் இருந்தது, சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தாய்ப்பால் சுரக்கிற, வியர்க்கிற உடம்பில் நீரைக் குறைத்தால் ரத்தம் தடிக்கும். பூண்டுக் குழம்பையும் பிரசவ லேகியத்தையும் கொடுங்கள், யாரும் தடுக்கவில்லை. தண்ணீரை மட்டும் தாகத்துக்கு விட்டுவிடுங்கள்.

ரத்த அழுத்தம் இன்னொன்று. கர்ப்பத்தில் வரும் அழுத்த நோய் பிரசவத்தோடு முடிந்துவிடுகிறது என்று நினைப்பது தவறு, அது பிரசவத்துக்குப் பிறகும் முதன்முறையாகத் தலைகாட்டும். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்து, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி சேர்ந்தால் வலிப்பு வருமுன் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்து விறைப்போடு காய்ச்சல் இருந்தால் மூளை உறைக் காய்ச்சலையும் நினைக்க வேண்டும். எழுந்தால் மட்டும் வந்துகொண்டிருந்த வலி திடீரென்று படுத்தாலும் விடாமல் பிடித்துக்கொண்டால், அதுவும் 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறி. ஏனென்றால் கீழே இறங்கிய மூளை ரத்தக் குழாய்களை இழுத்துப் பிய்த்து, உறைக்கடியில் ரத்தம் தேங்க வைத்திருக்கலாம். அமெரிக்காவில் இரண்டு கோடியே இருபது லட்சம் பிரசவங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான கட்டுரை, முதுகு ஊசித் தலைவலி வந்த தாய்மார்களில் ஒரு லட்சத்துக்கு 147 பேருக்கு இப்படி ரத்தம் தேங்கியதாகச் சொன்னது. எல்லாத் தாய்மார்களையும் சேர்த்தால் ஒரு லட்சத்துக்கு ஒன்றரைப் பேர்தான். அபூர்வம்தான், ஆனாலும் ‘தானாகப் போய்விடும்’ என்று மாதக்கணக்கில் விடக்கூடாது என்பதற்கு இது போதும்.

தானாகப் போவதும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மெல்லிய ஊசியின் துளை பெரும்பாலும் ஒரு வாரத்தில் மூடிக்கொள்கிறது. அதுவரை பாராசிட்டமால், வலி அதிகமானால் டாக்டர் சொல்லும் வேறு மாத்திரை, தாகம் தீரத் தண்ணீர், வலிக்கும்போது படுக்கை. எழுந்து நடமாட முடிகிற நேரத்தில் நடமாட வேண்டும். ரத்தம் உறைவதற்கு நீண்ட படுக்கையும் ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது. பாட்டில் பாட்டிலாக குளுக்கோஸ் ஏற்றினால் மூளை நீர் பெருகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும், அதற்கு மேல் ஏற்றுவதில் லாபமில்லை.

காபி வேலை செய்யும், கொஞ்ச நேரத்துக்கு. காஃபீன் விரிந்த மூளை ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. 1990-இல் பிரசவித்த 40 பெண்களில் ஒரு சாராருக்கு 300 மில்லிகிராம் காஃபீனைக் கொடுத்துப் பார்த்த சோதனையில் நான்கு மணி நேரத்தில் வலி தணிந்தது, மறுநாள் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வேறுபாடில்லை. பால் கொடுக்கும் தாய் நாளொன்றுக்கு 200 முதல் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கின்றன அண்மைய பன்னாட்டு வழிகாட்டுதல்கள். டிகிரி காபிக்குப் பெயர் வாங்கிய மாவட்டத்தில் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். கெட்டி டிக்காஷனில் நாலாவது டம்ளரைத் தொடும்போது தாய் மட்டுமல்ல, பிள்ளையும் தூங்காது.

பிள்ளை பெற்றவளின் வயிற்றைச் சேலைத் துணியால் இறுகக் கட்டுவது நம் பாட்டிமார்களின் வழக்கம். இந்தத் தலைவலிக்கு இடுப்புப் பட்டை கட்டச் சொல்லும் டாக்டர்களும் உண்டு: வயிற்றுக்குள் அழுத்தம் கூடினால் முதுகுக் குழியிலிருந்து நீர் மேலே தள்ளப்படும் என்பது கணக்கு. கணக்கு சரி. பலன் கொஞ்சமே, வலி கடுமையானவர்களுக்கு ஆகாது. மூக்கினுள் மரப்பு மருந்தில் தோய்த்த பஞ்சுக் குச்சியை வைப்பது அண்மையில் நம் மருத்துவமனைகளிலும் பரவியிருக்கிறது. அங்கிருக்கும் நரம்பு முடிச்சை மரக்க வைத்தால் தலைவலி குறையும் என்பார்கள். டென்மார்க்கில் 2020-இல் மரப்பு மருந்தையும் வெறும் உப்புநீரையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு தணிந்தது. ஆபத்தில்லாத வைத்தியம், கேட்டால் மறுக்க வேண்டாம், ஆனால் எதிர்பார்ப்பு வேண்டாம்.

மீதி இருப்பது ஒன்றுதான், ரத்த ஒட்டு. 1960-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கோர்ம்லி ஒரு விநோதத்தைக் கவனித்தார். முதுகில் ஊசி குத்தும்போது தற்செயலாக ரத்தம் கசிந்தவர்களுக்குத் தலைவலி குறைவாக வந்தது. அப்படியானால் வேண்டுமென்றே ரத்தம் விட்டுப் பார்த்தால் என்ன? ஏழு பேருக்கு அவர்களின் சொந்த ரத்தத்தில் இரண்டு மூன்று மில்லியை டியூராவுக்கு வெளியே செலுத்தினார். ஏழு பேருக்கும் தலைவலி நின்றது. முதுகுக்குள் ரத்தம் விடுவதா, கிருமி சேராதா, நரம்பு நெரியாதா என்று மற்றவர்கள் பயந்தார்கள். பத்தாண்டு கழித்து டிஜியோவானியும் டன்பாரும் 10 மில்லியாக உயர்த்தி நோயாளிகளிடம் பலனைக் காட்டினார்கள். பிறகு டிஜியோவானியின் குழுவினர் ஆடுகளின் முதுகில் ரத்த ஒட்டுப் போட்டு, திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, ரத்தக்கட்டி துளையை அடைத்துவிட்டுத் தீங்கின்றிக் கரைந்து போவதை நிறுவினார்கள். இன்று வழக்கமான அளவு 20 மில்லி.

வரப்பில் நண்டு வளை வழியே சம்பா வயலின் தண்ணீர் இரவோடு இரவாகப் பள்ளத்து வயலுக்கு இறங்குவதைப் பூதலூர் விவசாயி பார்த்திருப்பார். மேலிருந்து எவ்வளவு பாய்ச்சினாலும் நிற்காது. வளையின் வாயைக் கண்டுபிடித்து, வெளிப்பக்கத்திலிருந்து களிமண்ணை அப்பி மிதித்தால் நின்றுவிடும். ரத்த ஒட்டிலும் அதே வேலைதான், களிமண்ணுக்குப் பதில் உறையும் ரத்தம்.

அறுவை அரங்கில் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து செய்வது வழக்கம். ஒருவர் எபிடூரலுக்குச் செய்தது போலவே முதுகில் இடைவெளியைக் கண்டுபிடிப்பார். மற்றவர் கிருமி நீக்கிய முறையில் கையிலிருந்து ரத்தம் எடுப்பார். உறைவதற்குள் அந்த ரத்தத்தை மெதுவாகச் செலுத்த வேண்டும். இடுப்பில் கனமாக இறுகுகிறது என்று அவள் சொன்னால் நிறுத்துவார்கள். பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். பலருக்குப் படுக்கையிலேயே வித்தியாசம் தெரியும். அது அடைப்பால் வருவதல்ல: 20 மில்லி ரத்தம் டியூராவை வெளியிலிருந்து அமுக்கி, முதுகின் நீரைத் தலைக்கு ஏற்றுகிறது. ஸ்கேனில் பார்த்தால் அந்த அமுக்கம் சில மணி நேரத்தில் குறைந்துவிடும். அதற்குள் ரத்தம் உறைந்து துளையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. எபிடூரலின் தடித்த ஊசி போட்ட துளைக்கு ஒரே ஒட்டில் நிரந்தரமாக விடுபடுபவர்கள் மூன்றில் ஒருவர். ஓரளவு குணம் காண்பவர்கள் பாதிக்கு மேல். வலி திரும்பினால் இரண்டாவது ஒட்டு போடலாம். ஊசி குத்தி 48 மணி நேரத்துக்குப் பிறகு போடும் ஒட்டுக்குப் பலன் கூடுதல். காய்ச்சல் இருந்தாலோ, ரத்தம் உறையாத நோய் இருந்தாலோ போடக் கூடாது. சில நாள் முதுகு வலிக்கும். குனிந்து குடம் தூக்குவதை, மூட்டை தூக்குவதை ஒரு வாரம் போலத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். இதற்கு ஏதோ பெரிய கருவி தேவை என்று நினைக்க வேண்டாம். எபிடூரல் போடப் பழகிய மயக்க மருந்து டாக்டரும், சுத்தமான அறையும், அவளுடைய ரத்தமும் போதும்.

அந்த டாக்டரைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். பிரசவம் பார்த்த டாக்டரின் பெயர் குடும்பம் முழுக்கத் தெரியும். ஊசி போட்டவரின் முகம்கூட நினைவில் இருக்காது. சின்ன நர்சிங் ஹோம்களில் அவர் நிரந்தரமாக இருப்பதும் இல்லை. அழைப்பு வந்தால் ஒரு மருத்துவமனையிலிருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருப்பவர். வலி வந்தவள் மகப்பேறு டாக்டரிடம் சொல்வாள். அவர் பாராசிட்டமால் எழுதி, ‘படுத்துக்கோம்மா, சரியாயிடும்’ என்பார். தகவல் உரியவரிடம் போய்ச் சேர்வதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில், போட்டது ஸ்பைனலா எபிடூரலா, ஊசியின் கேஜ் என்ன, டியூரா தவறுதலாகத் துளைக்கப்பட்டதா, தலைவலி வந்தால் யாரை அழைப்பது என்று நாலு வரி இருக்க வேண்டும். துளை விழுந்ததை மறைப்பவர்களைவிட, எழுதாமல் விடுபவர்களே அதிகம் என்று தோன்றுகிறது.

தவறுதலாகத் துளை விழுந்து தலைவலி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஓராண்டு கடந்தும் விட்டு விட்டு வலி நீடிப்பதாகவும் ஆய்வுகள் இருக்கின்றன. அதனால் ஆறு வாரப் பரிசோதனையில் பிள்ளையின் எடையைப் பற்றிப் பேசி முடித்ததும் தாயின் தலைவலியைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசியாக வேண்டும்.

அடுத்த பிள்ளைக்கு முதுகு ஊசி போடலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். போடலாம். முன்பு வந்த தலைவலியோ, முன்பு போட்ட ரத்த ஒட்டோ அதற்குத் தடையில்லை. முதல் பிரசவத்தின் சீட்டை எடுத்துக்கொண்டு, ஏழாம் எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே மயக்க மருந்து டாக்டரைப் பார்த்து விவரத்தைச் சொல்லிவிட வேண்டும். பென்சில் முனை ஊசியைக் கேட்கவும் அதுவே சரியான நேரம்.